கோழிக்குக் கல்லும் வேண்டும்

"தீனி வைக்கிறோம், தண்ணீர் மாற்றுகிறோம், பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று. ஆனாலும் கோழி இளைத்துக்கொண்டே போகிறதே!" திருவனந்தபுரத்தில் மொட்டை மாடியிலும் வீட்டுப் பின்புறத்திலும் நாலைந்து கோழி வளர்க்கும் நம்மவர் பலர் சொல்லும் குறை இது. பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் இது அடிக்கடி வருகிறது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "கல் வைத்தீர்களா?" கேலி செய்கிறேன் என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள்.

நினைப்பதில் வியப்பில்லை. நாகர்கோவில் பக்கத்திலோ திருநெல்வேலிப் பக்கத்திலோ நம் வீடுகளில் யாரும் கோழிக்குக் கல் வைத்ததில்லை. காலையில் கூட்டைத் திறந்து விட்டால் அது குப்பைமேட்டையும் வாய்க்கால் கரையையும் கிளறி, தனக்கு வேண்டிய கல்லைத் தானே பொறுக்கிக் கொண்டது. இங்கே நிலைமை வேறு. மூன்று சென்ட் மனையில் வீடு போக மீதி இடமெல்லாம் சிமெண்டுத் தளம் அல்லது இன்டர்லாக் கட்டை. கோழியோ மாடியில் கம்பிக் கூண்டுக்குள். 1989-ல் தொடங்கப்பட்டுப் பேட்டையில் தலைமையகம் கொண்ட கேரள மாநிலக் கோழி வளர்ச்சிக் கழகம், அதாவது நாம் 'கெப்கோ' என்று சொல்லும் நிறுவனம், நகரத்தாருக்குக் கூண்டோடு கோழி கொடுக்கும் திட்டங்களை நடத்தியிருக்கிறது. மண்ணுத்தியில் உருவான கிராமலட்சுமி, தனியார் பொரிப்பகங்களின் பி.வி. 380 ஆகியவை இன்று நகரத்து மாடிகளில் முட்டையிடுகின்றன. கூண்டுக் கோழி தன் கால் பட்ட இடத்தில் ஒரு கடுகளவு கல்லைக்கூடக் காண்பதில்லை.

கல் எதற்கு என்று பார்ப்போம். கோழிக்குப் பல் கிடையாது. அலகு பொறுக்குவதற்கு மட்டுமே, மெல்லுவதற்கு அல்ல. விழுங்கிய நெல்மணி முதலில் கழுத்தின் அடியில் உள்ள தீனிப்பையில் தங்குகிறது. மாலையில் கோழியைத் தூக்கிப் பார்த்தால் நெஞ்சின் வலப்புறம் உருண்டையாகக் கையில் தட்டுப்படுவது அதுதான். அது ஒரு கிட்டங்கி. அங்கே தானியம் ஊறி மெதுவாகும், அவ்வளவே. அடுத்தது சுரப்பு வயிறு. அங்கே அமிலமும் செரிமான நீரும் கலக்கின்றன. அதற்கும் அடுத்ததுதான் அரைவைப்பை. கோழி சமைக்கும் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த பொருள் இது. கெட்டியான செந்நிறத் தசை. இரண்டாகப் பிளந்து உள்ளிருக்கும் மண்ணையும் கல்லையும் கொட்டிவிட்டு, மஞ்சள் தோலை உரித்தெடுத்துத்தான் கறிக்குப் போடுவோம். இங்குள்ள இறைச்சிக் கடைகளில் ஈரலோடு சேர்த்துக் 'கோழி பார்ட்ஸ்' என்று விற்பதில் பாதி இதுவே.

அந்தத் தசை நிமிடத்துக்கு இரண்டு மூன்று தடவை இறுகி விரிகிறது. உள்ளே கல் இருந்தால், தானியம் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் அகப்பட்டு நொறுங்கும். நம் வீட்டு ஆட்டுக்கல்லை நினைத்துக் கொள்ளுங்கள். மஞ்சள் தோல் உட்புறத்தைத் தேய்மானத்திலிருந்து காக்கும் உறை. அது தேயத் தேயப் புதிதாகச் சுரந்து கொள்ளும்.

இதை விஞ்ஞானிகள் கண்டறிந்த கதை சுவையானது. 1752-ல் பிரெஞ்சு நாட்டு ரேமூர், உணவைச் சிறு உலோகக் குழாய்களில் அடைத்துப் பறவைகளுக்கு விழுங்கக் கொடுத்தார். பருந்தின் வயிற்றில் குழாய் அப்படியே இருந்தது. உள்ளே வைத்த இறைச்சி மட்டும் கரைந்திருந்தது. தானியம் தின்னும் பறவைகளின் வயிற்றிலோ குழாயே நசுங்கிப் போயிற்று. செரிமானம் ஓரிடத்தில் இரசாயனம், மற்றோரிடத்தில் இயந்திரம் என்பது இவ்வாறு துலங்கியது. பின்னர் இத்தாலியரான ஸ்பல்லன்சானி கண்ணாடி உருண்டைகளையும், ஊசி பதித்த ஈய உருண்டைகளையும், சிறு கத்தி முனைகளையும்கூட வான்கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கண்ணாடி பொடியாயிற்று, முனைகள் மழுங்கின. (இன்று எந்தக் கல்லூரியிலும் இதற்கு அனுமதி கிடைக்காது.) கல் இல்லாவிட்டாலும் தசை ஓரளவு அரைக்கத்தான் செய்கிறது என்று வாதிட்டவரும் அவரே. அதில் உண்மை உண்டு. மாவாக அரைத்த லேயர் தீனியை மட்டும் தின்னும் பண்ணைக் கோழிக்குக் கல் இல்லாமலே காலம் ஓடிவிடும். நெல், கோதுமை, முழுச் சோளம், புல், கீரைத் தண்டு, வண்டு, பலாக்கொட்டை என்று கலந்து தின்னும் வீட்டுக் கோழிக்குத்தான் கல் இன்றியமையாதது. நியூசிலாந்தில் அற்றுப்போன மோவா என்னும் பெரும்பறவையின் எலும்புக்கூடுகளோடு கிலோக்கணக்கில் கூழாங்கற்கள் கிடைத்திருக்கின்றன. நார் மிகுந்த இலை தழைகளைத் தின்று வாழ்ந்த பறவை அது.

இனி நம் ஊர் விஷயம். மணக்காட்டில் எங்கள் தெருவில் ஒரு தூத்துக்குடிக் குடும்பம் இருக்கிறது. கணவர் சாலைக் கடைத்தெருவில் கணக்கு எழுதி வந்தவர். முதுகுத் தண்டில் கோளாறு வந்து ஒரு வருடமாக வேலைக்குப் போகவில்லை. அந்த அம்மாள் பத்துக் கோழி வாங்கி மாடியில் விட்டு, முட்டை விற்றுப் பிள்ளையின் பள்ளி வண்டிக் கட்டணத்தைச் சமாளித்து வந்தார். தீவனம் மூட்டை விலை ஏறியதும், பாதித் தீவனம், பாதி நெல், போதாததற்கு உணவகத்தில் மிஞ்சிய சோறு, புல்லுக்கட்டு என்று மாற்றிக் கொண்டார். இரண்டு மாதத்தில் மூன்று கோழி செத்தன. "அண்ணாச்சி, நேத்து ராத்திரி இன்னொண்ணும் போயிட்டு. வசந்தையா இருக்குமோ? எல்லாத்தையும் வித்துரட்டா?" என்று கேட்டுக்கொண்டு விடியற்காலையில் வந்து நின்றார்.

'கோழிவசந்த' என்று மலையாளத்தில் சொல்வது நம் ஊர் வெள்ளைக்கழிச்சல். அது வந்திருந்தால் மற்றக் கோழிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருண்டிருக்கும். தடுப்பூசியும் போட்டிருந்தார். நான் எச்சத்தைப் பார்த்தேன். முழு நெல் உமியோடு அப்படியே வந்திருந்தது. செத்த கோழியை மிருகாசுபத்திரிக்கு எடுத்துக்கொண்டு போனோம். (ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் அந்தப் பலகையைப் பார்த்து மிரள வேண்டாம், கால்நடை மருத்துவமனைக்கு இங்கே அதுதான் பெயர்.) டாக்டர் அறுத்துக் காட்டினார். அரைவைப்பையில் கயிறு போல் முறுக்கிய புல், தெர்மோகோல் துணுக்குகள், ஒரு சிறு ஆணி. ஆணி சுவரைக் குத்தித் துளைத்திருந்தது. கல் என்று ஒன்றுகூட இல்லை.

இதுதான் விஷயத்தின் சாரம். கல் தேடுவது கோழியின் இயல்பு. கல் கிடைக்காவிட்டால் கெட்டியாகவும் சிறிதாகவும் பளபளப்பாகவும் இருக்கிற எதையும் கொத்தும். மேல்மாடி கட்டும் வேலை நடந்த வீடு அது. ஆணித் துண்டும் கம்பித் துண்டும் மூலையில் கிடந்தன. வெளிநாடுகளிலும் இதே கதைதான். வேட்டைத் துப்பாக்கியின் ஈயக் குண்டுகள் ஏரிச் சேற்றில் கிடப்பதைக் கல் என்று நினைத்து விழுங்கிய வாத்துகள், அரைவைப்பையில் ஈயம் அரைபட்டு, நஞ்சேறிக் கூட்டம் கூட்டமாக மடிந்தன. 1991-ல் அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டையே தடை செய்துவிட்டார்கள். நம் வீடுகளில் பழைய பெயிண்டுச் செதில், பற்றவைத்த ஈயத் துளி, பழைய பாட்டரித் துண்டு ஆகியவை கோழி நடமாடும் இடத்தில் கிடக்கக் கூடாது. முட்டையைத் தின்பது நம் பிள்ளைகள்.

எந்தக் கல் நல்லது? கெட்டியாக இருக்க வேண்டும், அமிலத்தில் கரையக் கூடாது, கூர்முனை மழுங்காமல் சற்றே கோணலாக இருக்க வேண்டும். கருங்கல் சில்லும் வெங்கச்சங்கல் சில்லும் இதற்குப் பொருத்தம். வெங்கச்சங்கல்லை இங்கே வெள்ளாரங்கல்லு என்கிறார்கள். திருவனந்தபுரத்தைச் சுற்றியுள்ள குன்றுகளில் இவற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நம் வீட்டு முற்றத்தில் கிடைக்கும் சிவப்பு வெட்டுகல் உதவாது. பார்க்கக் கல் போல இருந்தாலும் அரைவைப்பையில் சீக்கிரம் மண்ணாகிவிடும். சங்குமுகத்தில் ஒரு பை கடற்கரை மணல் அள்ளி வருவோரும் உண்டு. அலை உருட்டி உருட்டி மழுக்கிய மிக நுண்ணிய மணல் அது. நில்லாமல் எச்சத்தோடு போய்விடும். உப்பும் ஏறியிருக்கும், கோழிக்கு உப்பு மிகுந்தால் கெடுதல். ஆற்று மணல் நல்லதுதான். ஆனால் 2001-ல் கேரளத்தில் ஆற்று மணல் அள்ளுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்த பிறகு அது எளிதாகக் கிடைப்பதில்லை. அதற்குப் பதில் கட்டிட வேலைக்கு வரும் எம் சாண்ட் என்பது கருங்கல்லை உடைத்த பொடியே. பக்கத்தில் எங்கேனும் வீடு கட்டினால் ஒரு சட்டி கேட்டு வாங்குங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். சிமெண்டு கலக்காததாக இருக்க வேண்டும். மாவுச் சல்லடையில் சலித்து அடியில் விழும் தூளைத் தள்ளிவிடுங்கள். மேலே நிற்பதை மூன்று நான்கு தண்ணீரில் கழுவிக் காய வைத்தால் கல் தயார்.

வளர்ந்த கோழிக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர், ஏறக்குறைய மிளகிலிருந்து சிறிய பட்டாணி வரை. இரண்டு மாதக் குஞ்சுக்கு அரிசிக் குருணை அளவு. அதிலும் சிறு குஞ்சுக்கு, மாவுத் தீனியை விட்டு நொய்யரிசி தரத் தொடங்கும்போது, 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை உள்ள பருமணல் ஒரு சிட்டிகை போதும். தாய்க்கோழியோடு மண்ணில் திரியும் குஞ்சுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டியதில்லை.

அடுத்து வருவது பலரும் குழப்பிக் கொள்ளும் இடம். கடையில் 'கிரிட்' என்று கேட்டால் பெரும்பாலும் கிளிஞ்சல் சில்லைத்தான் தருவார்கள். அது கல்லுக்கு ஈடல்ல. கிளிஞ்சல் சுண்ணாம்புச் சத்தாலானது. சுரப்பு வயிற்றின் அமிலம் பட்டதும் கரையத் தொடங்கி, இரத்தத்தில் சேர்ந்து, முட்டை ஓட்டுக்குப் போய்ச் சேரும். கருங்கல்லோ கரையாது, அங்கேயே தங்கி அரைக்கும், வாரக்கணக்கில், கல் கிடைக்காத காலத்தில் மாதக்கணக்கில்கூட. ஒன்று உணவு, மற்றொன்று கருவி. முட்டையிடும் கோழிக்கு இரண்டும் வேண்டும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒரு சிறு பரிசோதனை செய்து காட்டுங்கள். இரண்டு கண்ணாடித் தம்ளரில் வினிகர் ஊற்றி, ஒன்றில் கருங்கல் சில்லையும் மற்றொன்றில் கிளிஞ்சலையும் போடுங்கள். கிளிஞ்சலில் குமிழ் குமிழாக நுரை கிளம்பும், கருங்கல் பேசாமல் கிடக்கும். மறுநாள் எடுத்துப் பார்த்தால் கிளிஞ்சலின் விளிம்பு தேய்ந்திருக்கும். கடையில் வாங்கியது எது என்று சந்தேகம் வந்தாலும் இதே சோதனைதான்.

சுண்ணாம்புச் சத்துக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தின்பதில் பாதியளவுதான் உடலில் சேரும் என்பதால், முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு 4 கிராம் போல வேண்டும். லேயர் தீவனத்தில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு கால்சியம் சேர்த்திருப்பார்கள். 110 கிராம் தின்றால் கணக்கு சரியாகிவிடும். அரிசியில் 100 கிராமுக்கு ஒரு கிராமில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். அப்படியானால் சோறு தின்னும் கோழி ஓட்டுக்கு எங்கே போகும்? தன் எலும்பிலிருந்து எடுக்கும். முதலில் ஓடு மெலியும், பிறகு தோல்முட்டை வரும், கடைசியில் கோழி காலூன்ற முடியாமல் உட்கார்ந்துவிடும். கிளிஞ்சலில் நூற்றுக்கு 38 பங்கு கால்சியம் என்று வைத்தால், சோற்றையே நம்பியிருக்கும் கோழிக்கு நாளுக்கு 10 கிராம் கிளிஞ்சல் வேண்டும். பாதித் தீவனம் தின்னும் கோழிக்கு அதில் பாதி போதும். ஓடு உருவாகச் சுமார் 20 மணி நேரம் பிடிக்கிறது. பெரும்பகுதி இரவில் நடக்கும் வேலை. ஆகையால் கிளிஞ்சல் கிண்ணத்தைப் பிற்பகலில் நிரப்பி வைப்பது நல்லது. அந்த நேரத்தில் கோழியே தேடி வந்து கொத்துவதைக் காணலாம்.

நம்மைப் போல் கடலும் காயலும் அருகில் உள்ளவர்களுக்குக் கிளிஞ்சல் அரிய பொருளல்ல. வேம்பநாட்டுக் காயலின் கறுப்புக் கக்காவும் அஷ்டமுடிக் காயலின் கக்காவும் பெயர் பெற்றவை. வேம்பநாட்டின் அடியில் படிந்த ஓட்டை நம்பியே கோட்டயம் நாட்டகத்தில் வெள்ளைச் சிமெண்டு ஆலை நடந்தது. கக்கா இறைச்சி வாங்கும் வீடுகளில் ஓட்டை எறியாமல் கழுவி, வெயிலில் உலர்த்தி, சாக்கில் போட்டு உலக்கையால் இடித்தால் ஒரு மாதத்துக்கு ஆகும். மிஞ்சும் முட்டை ஓட்டையும் சட்டியில் வறுத்து நன்றாக நொறுக்கிக் கொடுக்கலாம். முட்டை என்று அடையாளம் தெரியும்படி கொடுத்தால் கோழி முட்டையைக் கொத்தப் பழகிவிடும்.

ஒரு கடும் எச்சரிக்கை. உரக்கடைகளில் 'நீற்றுகக்கா' என்று ஒன்று உண்டு. தென்னைக்கும் வயலுக்கும் போடுவது. பெயரில் கக்கா இருந்தாலும் அது சூளையில் சுட்ட சுண்ணாம்பு. ஈரம் பட்டால் கொதிக்கும், வாயையும் தீனிக்குழலையும் வேகவைத்துவிடும். தூத்துக்குடி அம்மாள் நான் சொன்ன அன்றே கடைக்குப் போய் மலையாளம் சரியாக விளங்காமல் ஒரு கிலோ வாங்கி வந்துவிட்டார். பொட்டலத்தைப் பிரித்ததும் வெள்ளைத் தூளாக இருப்பதைக் கண்டு என்னிடம் காட்டியதால் தப்பியது. நமக்கு வேண்டியது சுடாத கக்கா ஓடு. "நீற்றாத கக்காத் தோடு, கோழிக்கு" என்று தெளிவாகக் கேளுங்கள்.

இரண்டையும் தீனியில் கலக்காதீர்கள். இரண்டு சிரட்டையில் தனித்தனியாக வையுங்கள். தேவையறிந்து தின்னும் அறிவு கோழிக்கு உண்டு. கலந்து வைத்தால் முட்டையிடாத சேவலும் வளரும் பெட்டையும் வேண்டாத சுண்ணாம்பைத் தின்ன நேரும். குஞ்சுகளுக்கு முட்டைக் கோழித் தீவனத்தையோ கிளிஞ்சலையோ கொடுத்தால் சிறுநீரகம் கெடும். நெடுநாள் கல்லையே காணாத கோழிக்கு முதல் நாளே கிண்ணம் நிறைய வைத்தால் ஆசையில் அளவு மீறி விழுங்கிவிடக்கூடும். முதல் நாலைந்து நாள் கோழிக்கு ஒரு தேக்கரண்டி என்று போட்டு, பிறகு கிண்ணத்தில் விட்டுவிடலாம்.

அந்த அம்மாளின் ஏழு கோழிகளில் ஒன்று தேறவில்லை. அதன் தீனிப்பை விடிகாலையிலும் கல் போலக் கனத்துக் கிடந்தது. மற்ற ஆறும் இரண்டு வாரத்தில் எச்சத்தில் முழு நெல் போடுவதை நிறுத்தின. முட்டை ஓடு கெட்டிப்பட மேலும் ஒரு மாதம் ஆயிற்று. விற்கும் யோசனையைக் கைவிட்டுவிட்டார். புல்லை இப்போது விரல்கடை அளவுக்கு நறுக்கித்தான் போடுகிறார். நீளப் புல்லும் தென்னை நாரும் பலாச்சடையும், கல் இருந்தாலும், தீனிப்பையிலேயே சிக்கிக் கொள்ளும்.

இளைப்பெல்லாம் கல் இல்லாமையால் வருவதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். குடற்புழுவும் இரத்தக்கழிச்சலும் இளைக்க வைக்கும். அடையாளம் காண எளிய வழி, கோழி அடைந்த பின் இரவில் ஒருமுறையும் விடியலில் தீனி வைக்குமுன் ஒருமுறையும் தீனிப்பையைத் தடவிப் பார்ப்பது. இரவில் நிறைந்தும் காலையில் காலியாகவும் இருந்தால் நல்லது. காலையிலும் கெட்டியாக இருந்தால் அடைப்பு. களிமண் போல் மெத்தென்று இருந்து புளித்த வாடை வந்தால் அது வேறு நோய். இரண்டுக்கும் மிருகாசுபத்திரியே போக வேண்டும். தலைகீழாகப் பிடித்து உலுக்கும் வழக்கம் வேண்டாம், மூச்சுக்குழலில் ஏறிக் கோழி அங்கேயே செத்துவிடும். எச்சத்தில் முழுத் தானியம் தெரிந்தால் மட்டும் கல் கிண்ணத்தைப் பாருங்கள்.

இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் கிண்ணத்தைக் கூரைக்குள் நகர்த்தி வையுங்கள். சிரட்டையில் தண்ணீர் தேங்கினால் கல்லில் பாசி பிடிக்கும். மாதம் ஒருமுறை கொட்டிக் கழுவி மறுபடி போட்டால் போதும், கல் கெட்டுப்போகிற சரக்கல்ல.